வலது பக்கத்து ஆள்

வாங்க, வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, இது ஒர்க் ஷாப்பு, கோயில் இல்லை. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. அது ஆயில் இல்லீங்க, காஞ்ச கறை. வேட்டியில ஒட்டாது.

எது நல்ல வண்டின்னு கேக்கறீங்க. அமெரிக்கா மஸ்டாங்கா, ஆஸ்திரேலியா மொனாரோவா. பத்து நிமிசத்துல சொல்லிப்போடுவேன். ஆனா மொதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. உங்களை இங்க அனுப்புனது யாரு? பீளமேட்டுல பம்பு ஃபவுண்டரி வெச்சிருக்கற சென்னியப்பனா? மஸ்டாங்கை விக்கறேன்னு விளம்பரம் போட்டிருக்காரே, அவரேவா? "வாங்கறதுக்கு முன்னால ஆறுச்சாமிகிட்ட ஒருக்கா கேட்டுக்கங்க"ன்னு சொன்னாரா?

நக்கலைப் பாத்தீங்களா. ஏன், அவருக்கு வாயில்லையா?

அவரு என்ற மச்சானுங்க. என்ற கூடப் பொறந்த அக்காளைக் கட்டுனவரு. பதினஞ்சு மாசமாப் பேச்சுவார்த்தை இல்லை. ரோட்டுல பாத்தா நான் அக்கட்ட திரும்பிக்குவேன், அவரும் திரும்பிக்குவாரு. நல்லதாப் போச்சு. எனக்கொண்ணும் நட்டமில்லை.

சரி, வண்டிக்கு வருவோம்.

மஸ்டாங்கு அறுபத்தொம்பது மாடலு. எட்டு சிலிண்டரு. பேனட்டு எம்புட்டு நீளம்னா, கொண்டை ஊசி வளைவுல திரும்பறப்ப முன்னால இருக்கறது ரோடா பள்ளமான்னே தெரியாது. மூணு கியரு, அதுவும் தானாப் போட்டுக்கறது. மலை எறங்கறப்ப பிரேக்கை மிதிச்சு மிதிச்சு கெண்டைக்கால் செத்துப்போகும். சத்தம்… சத்தம் நல்லா இருக்குமுங்க, இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். காலையில ஸ்டார்ட் பண்ணுனா மொதல்ல ஒரு இருமல் இருமும். அப்பறம் ஒரு மூச்சு விடும். அதுக்கப்பறந்தான் பிடிக்கும். அந்த இருமல் வந்தா கார்புரேட்டரு ஒழுங்கா இருக்குதுன்னு அர்த்தம். வரலைன்னா வண்டியை எடுக்கவே கூடாது. இது மச்சானுக்குத் தெரியாது. நான் சொல்லலை.

மொனாரோ, இந்தா, உங்களுக்குப் பின்னால நிக்குதே, இதுதான். அறுபத்தெட்டு. இதுவும் எட்டு சிலிண்டரு, கொஞ்சம் சின்ன இஞ்சினு. ஆனா நாலு கியரு, கையில போடறது. மலைக்குன்னே பொறந்த வண்டி. ஒரே ஒரு கிறுக்குத்தனம், ஆர்பிஎம் காட்டற மீட்டரைக் கொண்டுபோயி கீழ கியருக்குப் பக்கத்துல வெச்சிருக்கறான். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். நான் பாக்கறதே இல்லை. காதுலயே தெரியும் எனக்கு.

மத்ததெல்லாம் விடுங்க. ரெண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசந்தான். ஆஸ்திரேலியாக்காரன் நம்மளாட்ட ரோட்டுல இடது பக்கமாப் போறவன். அதனால ஸ்டேரிங்கை வலது பக்கம் வெச்சான். அமெரிக்காக்காரன் இடது பக்கம் வெச்சான். அவ்வளவுதான். அதுலதானுங்க இம்புட்டு வெனையும்.

எப்படின்னு கேளுங்க. நீங்க இடது பக்கம் உக்காந்து ஓட்டறீங்க. முன்னால ஒரு லாரி போகுது. முந்தோணும். லாரிக்கு அந்தப்பக்கம் எதுக்கால என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தலையை எப்படித் திருப்புனாலும் லாரியோட முதுகுதான் தெரியும். அப்ப என்ன பண்ணுவீங்க? வலது பக்கத்து சீட்டுல ஒரு ஆளை உக்கார வெச்சுக்கோணும். அவன் எட்டிப் பாத்து, போலாமா வேண்டாமான்னு சொல்லோணும். அந்த எட்டு சிலிண்டரு சத்தத்துல பேசுனாக் காதுல விழாது. அதனால நானும் மச்சானும் ஒரு கணக்கு வெச்சிருந்தோம். டேஷ்போர்டுல ஒரு தட்டு தட்டுனா, பொறு. ரெண்டு தட்டு தட்டுனா, போ.

பதினோரு வருசமுங்க. பதினோரு வருசம் நாந்தான் அந்த வலது பக்கத்து ஆளு. ஊட்டி, கொடைக்கானலு, மூணாறு, பெங்களூரு. நான் ஒரு தட்டு தட்டுனா அந்த மனுசன் கால் பெடலை விட்டு எறங்கும். ரெண்டு தட்டு தட்டுனா ஏன், எதுக்குன்னு கேக்காம மிதிப்பாரு. கண்ணை மூடிக்கிட்டு மிதிப்பாருன்னே வெச்சுக்கங்களேன். எதுக்கால பஸ்ஸு வந்தா மொதல்ல அடி எனக்குத்தான் விழுகும். வலது பக்கமில்ல? ஆனா ஒரு நாள் ஒரு கீறலு விழுகலை அந்த வண்டிக்கு.

போன வருசம் தை மாசம். எங்க பழைய கார் சங்கத்துல வருசா வருசம் பொங்கல் கழிஞ்சு வால்பாறைக்கு ஒரு ரேலி விடுவாங்க. வெசையாப் போறவனுக்குப் பரிசு இல்லை, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்றவனுக்குத்தான். மச்சான் ஜெயிச்சாரு. வெள்ளிக் கோப்பை. மத்தியானச் சாப்பாட்டோட மேல வெச்சே பரிசு குடுத்தாங்க. சங்கத் தலைவரு மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறாரு: "சென்னியப்பன், இந்த ரோட்டுல இடது பக்கத்து ஸ்டேரிங் வண்டியை வெச்சுக்கிட்டு பதினோரு வருசமா எப்படி ஒரு கீறல் விழாம ஓட்டறீங்க?"

மச்சான் மைக்கை வாங்குனாரு. நான் ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கறேன். கையில பிரியாணித் தட்டு. இப்பச் சொல்லுவாருன்னு தட்டைக் கீழ வெச்சுட்டு, சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கிட்டேன். எழுந்திருக்கச் சொன்னா எழுந்திருக்கோணுமில்ல?

அவரு சொன்னாரு: "கண்ணு நல்லா இருந்தாப் போதுமுங்க."

அவ்வளவுதான். எல்லாரும் சிரிச்சாங்க, கை தட்டுனாங்க. என்ற அக்காளும் தட்டுனா.

ஏனுங்க, யாரோட கண்ணு அது? என்ற கண்ணுங்க அது! பதினோரு வருசம் நான் குடுத்த கண்ணு. ஒரு வார்த்தை, "அந்தா உக்காந்திருக்கறானே, என்ற மாப்ளே ஆறுச்சாமி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வெள்ளிக் கோப்பை தேஞ்சா போயிருக்கும்? திரும்பி வர்றப்ப வண்டியில ஏறல நான். வால்பாறையில இருந்து கவர்மெண்டு பஸ்ஸுல வந்தேன். பொள்ளாச்சி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். அந்தப் பஸ்ஸுலயே முடிவு பண்ணிட்டேன். அடுத்த தைக்கு அந்தக் கோப்பை இந்த மனுசன் கையில இருக்கக் கூடாது.

உடுமலைப்பேட்டைப் பக்கத்துல ஒரு தோட்டத்துத் தகரச் செட்டுல இந்த மொனாரோ நின்னுக்கிட்டிருந்தது. யாரோ மில்லுக்காரர் மகன் மெல்போர்ன்ல இருந்து கொண்டு வந்தது. கோழி முட்டை வெச்சிருந்துச்சு பின் சீட்டுல. இழுத்துக்கிட்டு வந்தேன். ஒரு வருசம் வேற சோலி பாக்கலை. இஞ்சினைப் பிரிச்சுக் கோத்தேன். வலது பக்கத்து ஸ்டேரிங்கு, எனக்கு எவன் கண்ணும் வேண்டாம், எவன் தட்டும் வேண்டாம். பக்கத்துல ஆள் இருக்கோணும்னு எங்க சங்கத்துல சட்டமும் இல்லை. எடை கொறையட்டும்னு இடது பக்கத்து சீட்டையே கழட்டித் தூர வெச்சுட்டேன். அந்தா, சுவத்துல சாத்தியிருக்குது பாருங்க. பின் சீட்டும் அப்பவே போச்சு.

நடுவுல ஆவணியில அக்கா மக நிச்சயம் வந்துச்சு. அக்கா நேர்ல வந்து கூப்பிட்டா. இதே ஸ்டூல்லதான் உக்காந்தா. "தாய்மாமன் நீ இல்லாம எப்படி சாமி"ன்னா. "பாக்கறேன்"னேன். அன்னைக்கு இஞ்சின் ஹெட்டுக்கு கேஸ்கெட் மாத்திக்கிட்டிருந்தேன். போகலை. தாய்மாமன் இல்லாத நிச்சயம்னு ஊரே பேசுச்சாம். பேசட்டும். ரெண்டாவது வரிசையில உக்கார வெச்சு என்னை அசிங்கப்படுத்துனப்ப எனக்கு எப்படி இருந்துச்சு?

அப்பறம் மார்கழியில ஒரு நாள் பேக்கரியில டீ குடிக்கையில நாலு பேரு கேட்டாங்க, "ஏம்ப்பா, நீ முன்னால போறே, உன்ற மச்சான் பின்னால வர்றாரு, வலது பக்கத்துக்கு ஆளில்லாம உன்னை எப்படி முந்துவாரு?"ன்னு. நான் சும்மா இருந்திருக்கலாம். "முந்த வரட்டும், போலாம்னு கையைக் காட்டி எதுக்கால வர்ற பஸ்ஸுக்குள்ள அனுப்பி வெக்கறேன்"னு சொல்லிப்போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். பேக்கரியில சொல்றதெல்லாம் ஒரு பேச்சுங்களா? ஆனா அது அன்னைக்கு மத்தியானமே பீளமேட்டுக்குப் போய்ச் சேந்துருச்சு.

இந்த வருசம் தை. ஆழியார்ல இருந்து கெளம்புது. சின்ன இஞ்சினு மொதல்ல, பெரிய இஞ்சினு கடைசியில, நிமிசத்துக்கு ஒரு வண்டி. அதனால கடைசிக்கு முந்தின வண்டி நானு. கடைசி வண்டி மச்சான். அவரு வண்டியில வலது பக்கம் யாருன்னு திரும்பிப் பாத்தேன். அக்கா. சேலை முந்தானையைத் தலையைச் சுத்திக் கட்டிக்கிட்டு, கதவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. வேற எவனும் வரமாட்டேன்னுட்டானாம், அந்த சீட்டுல உக்கார. மச்சான் நாலு பேரைக் கேட்டாராம். நல்லா வேணும்.

உங்களுக்குச் சொல்றேன், யாருகிட்டயும் சொன்னதில்லை. நான் ஜெயிக்கறதுக்குப் போகலீங்க. மலை ஏறி மூணு வளைவு தாண்டுன ஒடனே ரெண்டாவது கியருக்கு வந்தேன். அப்பறம் மொதல் கியரு. நடந்து போறவன் என்னை முந்திப் போயிருவான், அந்த வெசைதான். அரை மணி நேரத்துக்கு மேல லேட்டானா ஆட்டத்துல இருந்தே தூக்கிருவாங்க. என்னையுந்தான் தூக்குவாங்க. தூக்கட்டும்! ஒரு வருசம் ராவு பகலாப் பாத்துப் பாத்து வேலை செஞ்ச வண்டியை மாட்டு வண்டியாட்ட ஓட்டுனேன். மலையாட்டுக் கூட்டம் ஒண்ணு ரோட்டோரம் நின்னு என்னை வேடிக்கை பாத்துச்சு.

பின்னால மஸ்டாங்கு உறுமுது. முந்த முடியலை. முந்த முடியாதே! கண்ணாடியில பாக்கறேன். அக்கா ஜன்னல் வழியாத் தலையை நீட்டி எட்டிப் பாக்கறா. ஒவ்வொரு வளைவுலயும் ரோடு காலியா இருக்குது, மச்சானுக்குத் தெரியாது, அக்காளுக்குத் தெரிஞ்சாலும் சொல்லத் தைரியமில்லை. டேஷ்போர்டுல ஒரு தட்டு, ஒரு தட்டு, ஒரு தட்டு. அவ கை அசையறது கண்ணாடியில எனக்குத் தெரியுது. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? வயித்துல பால் வார்த்தாப்பல இருந்துச்சு. சிரிச்சேன். தனியா உக்காந்து வாய் விட்டுச் சிரிச்சேன். கண்ணு நல்லா இருந்தாப் போதுமாமே. ஓட்டு இப்ப!

இருபத்திரண்டு நிமிசம் லேட்டு. என்ற வாட்ச்சுல பாத்துக்கிட்டே இருக்கறேன். இன்னும் எட்டு நிமிசம் இருக்குது மச்சான் ஆட்டத்துல.

அப்பப் பாத்தா, அக்கா ஜன்னல்ல குனிஞ்சு வாந்தி எடுக்கறா.

அவளுக்கு மலைன்னா ஆகாதுங்க. சின்னதுலயே அப்படித்தான். பழனிக்கு பஸ்ஸுல போனாக்கூட அவளுக்கு எலுமிச்சம்பழம் வேணும். நாந்தான் கையில வெச்சுக்கிட்டு, சித்தெ நேரத்துக்கு ஒருக்கா மூக்குல காட்டுவேன். நாப்பது கொண்டை ஊசியில அவளைக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்கறாரே அந்த மனுசன், அறிவிருக்குதா? கோப்பைதான் பெருசா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எரக்கமெல்லாம் இல்லீங்க, சும்மா சொல்லப்படாது. ஆத்திரந்தான்.

அந்த வளைவைத் தாண்டுனா நேர் ரோடு. இருநூறு மீட்டரு. ஒரு ஈ காக்கா இல்லை. ஓரமா ஒதுங்குனேன். வலது கையை வெளிய நீட்டி, கதவு மேல ரெண்டு தட்டு தட்டுனேன். நல்லாப் பெருசா, பின்னால தெரியறாப்பல. ரெண்டு தட்டு. போ.

வரலை.

மறுக்கா தட்டுனேன். ரெண்டு தட்டு. கண்ணாடியில பாக்கறேன். மச்சான் அக்காளைப் பாக்கறாரு. அக்கா வாயைத் தொடச்சுக்கிட்டு என்ற கையைப் பாக்கறா. நல்லாப் பாத்தா. பாத்துட்டு, தலையை ஆட்டுனா. வேண்டாம்னு.

மஸ்டாங்கு அப்படியே நின்னுருச்சுங்க. நேர் ரோட்டுல, காலி ரோட்டுல. நான் அந்தக் கோடி வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். ஒரு சைக்கிள் கூட வரலை எதுக்கால.

வால்பாறைக்குப் போய்ச் சேர்றப்ப ரெண்டு வண்டியும் நாப்பது நிமிசம் லேட்டு. ரெண்டையும் தூக்கிட்டாங்க. ஒரு பல்லு டாக்டரு, ஹெரால்டு வண்டி வெச்சிருக்கறவரு, கோப்பையை வாங்கிக்கிட்டுப் போனாரு. மச்சான் என்ற பக்கமே வரலை. அக்கா பைப்புல மூஞ்சி கழுவிக்கிட்டிருந்தா. போய் நின்னேன். "ஏனக்கா, ரோடு காலியாத்தானே இருந்துச்சு? ரெண்டு தட்டு தட்டுனனே, பாக்கலையா?"ன்னேன்.

"பாத்தேன் ஆறுச்சாமி"ன்னா. "நீ தட்டறதப் பாத்துத்தான் வேண்டாம்னேன்."

சாமின்னு கூப்பிடலை. கண்ணுன்னு கூப்பிடலை. யாரோ ஊரான் வீட்டு ஆளைக் கூப்பிடறாப்பல பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, முந்தானையை ஒதறிக்கிட்டுப் போயிட்டா.

சரி, போகட்டும். கோப்பை மச்சானுக்குக் கெடைக்கலை. நான் நெனச்சது நடந்துச்சா இல்லையா? ஜெயிச்சது யாரு? நாந்தானுங்க. நீங்களே சொல்லுங்க.

ஆனா ஒண்ணு. அந்த ரோடு காலியாத்தான் இருந்துச்சுங்க. மாரியாத்தா மேல சத்தியம். நீங்களாவது நம்பறீங்கல்ல? என்ன, தலையை ஆட்டறீங்க, வாயைத் தொறந்து சொல்ல மாட்டேங்கறீங்க. பேக்கரிப் பேச்சைச் சொல்லாம விட்டிருக்கோணும் உங்ககிட்ட.

என்ன சொன்னீங்க? மச்சான் இன்னொண்ணும் சொன்னாரா? இம்புட்டு நேரம் ஏன் சொல்லலை? என்னான்னு?

"அந்த வண்டி என்னுதுதான், ஆனா பதினோரு வருசம் அது ஓடுனது அவனோட கண்ணுல"ன்னாரா? சென்னியப்பனா? சென்னியப்பன் வாயிலயா? எங்க வெச்சுச் சொன்னாரு? கார் செட்டுல, உங்ககிட்ட, தனியா. பக்கத்துல அக்கா இருந்தாளா? டீ கொண்டாந்து வெச்சாளா, கேட்டுக்கிட்டு நின்னாளா.

இதை மைக்குல சொல்லியிருக்கோணுமுங்க. முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட செட்டுல வெச்சுச் சொல்றதுக்கு இத்தனை மாசமா? யாருக்கு வேணும் இப்ப?

சரி, எது நல்ல வண்டின்னுதானே கேட்டீங்க. சொல்றேன், கேட்டுக்கங்க. மஸ்டாங்கை வாங்காதீங்க. இருங்க, வண்டி மேல ஒரு கொறையுமில்லை, தங்கம். நாந்தானே பாத்துக்கிட்டேன். ஆனா வாங்காதீங்க. யாரையும் வாங்க விடாதீங்க. அது அவரு செட்டுலயே நிக்கோணும். தெனமும் காலையில அவரு கதவைத் தொறந்து பாக்கோணும். அந்த வலது பக்கத்து சீட்டு காலியா இருக்கறதை, அவரு உசுரு இருக்கற வரைக்கும் பாக்கோணும். அதுதான் என்ற பழி. அந்த வண்டியை வித்துட்டாருன்னா எனக்கு வேற என்ன இருக்குது?

கெளம்பறீங்களா? வெய்யில் இந்தப் போடு போடுது, நடந்தா போவீங்க? பஸ் ஸ்டாப்பு ஒரு மைலு இருக்குதுங்க. இருங்க, இருங்க, நானே கொண்டுபோயி விட்டுடறேன். மொனாரோவுல ஒருக்கா உக்காந்து பாத்த மாதிரியும் இருக்கும் உங்களுக்கு. சாவியை எங்க வெச்சேன்… இந்தா. வாங்க, அந்தப்பக்கமா வந்து ஏறுங்க.

அட. மறந்தே போயிட்டேன் பாருங்க. சீட்டு இல்லீங்களே.